ஒரு லோடு கூழாங்கல்

கல் வாங்க வந்த இடத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குவியல் மேல் ஏறி நின்றாள் தையல்காரி. கல்லுக்கடைக்காரர் எத்தனையோ கிராக்கிகளைப் பார்த்தவர். கல்லைக் கையில் எடுத்து எடை பார்ப்பார்கள், ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார்கள், ஒரு ஆள் நாக்கில் வைத்துக்கூடப் பார்த்திருக்கிறான். காலால் பார்க்கிற கிராக்கி இப்போதுதான் வருகிறது.

"ஏம்மா, அது முக்கால் இஞ்சு ஜல்லி. குத்தும். இறங்குங்க."

"குத்துதுதான்," என்றாள் அவள், ஜல்லி ஏதோ அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றியது மாதிரி. இறங்கி அடுத்த குவியலுக்குப் போனாள்.

கடை என்பது பேருக்குத்தான். கதவும் கிடையாது, அலமாரியும் கிடையாது. ரோட்டை ஒட்டிப் பெரிய வெட்டவெளி, ஓரத்தில் ஒரு தகர அறை, மற்றபடி திரும்பின பக்கமெல்லாம் குவியல். செம்மண் ஒரு பக்கம், வண்டல் மண் ஒரு பக்கம், ஜல்லியில் மட்டும் நாலைந்து ரகம், சாம்பல் நிறத்தில் கல்தூள், கடைசியில் வேலி ஓரமாகக் கூழாங்கல். நடுவில் ஒரு பொக்லைன் அள்ளுவதும் கொட்டுவதுமாக உறுமிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் வாய்க்குள் தூசி. கூட வந்த நாத்தனார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது எல்லாம் நமக்குத் தேவையா என்கிற முகத்தோடு தகர அறை நிழலில் நின்றாள்.

தேவைதான். நாளை மறுநாள் தையல்காரியின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பண்ணுகிறவர், ஊருக்கே அவர் மோட்டார்காரர். ஒரு மாடிவீட்டில் உயரத் தொட்டியின் மேடையில் நின்று மோட்டாரைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பின்னால் சாய்ந்து கீழே விழுந்தார், முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. நடப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர், "பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லைத் தையல்காரி பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த டாக்டர் எவ்வளவோ பேசினார், தோளுக்குப் பயிற்சி, படுக்கைப்புண், வீல்சேரில் ஏறி இறங்கும் முறை என்று. அதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை.

வீல்சேர் ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் வந்து நின்ற அன்றைக்கு, அதன் மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டாள். மறுநாள் துண்டோடு போர்வையும் சேர்ந்துகொண்டது. அதற்கு ஒரு பேர் இருப்பதையே அவள் ஒப்புக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால் "அதுவா, அது ஆஸ்பத்திரியில குடுத்தாங்க" என்பாள், ஏதோ மருந்துச் சீசாவைச் சொல்வது மாதிரி.

ஆனால் வீட்டுக் கேட்டுக்கும் வாசல்படிக்கும் நடுவே இருந்த களிமண்ணை மட்டும் அவளால் ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. சொட்டு மழை விழுந்தால் போதும், பசை மாதிரி ஆகிவிடும். வரும்போது செருப்பை அங்கேயே பறிகொடுத்துவிட்டு வருகிற வாடிக்கைக்காரிகள் உண்டு. அதில் அவர் எப்படி வருவார்? அந்தக் கவலைதான் அவளை இந்தத் தூசிக்குள் கொண்டுவந்து நிறுத்தியது.

"ஏம்மா, இங்க வா, இந்த வெள்ளைக் கல்லு நல்லா இருக்கு பாரு," என்றாள் நாத்தனார். "பளிச்சுனு இருக்கும்."

"பளிச்சுனு இருந்து என்ன பண்றது அண்ணி? ரெண்டு நாள்ல அழுக்காயிடும். அதுவும் இது ஓரமெல்லாம் கூர்."

"அதுக்கு எதுக்குடி நீ வெறுங்கால்ல ஏறி ஏறி இறங்கற? கால்ல ரத்தம் வரப்போகுது."

"உங்க தம்பி என்னிக்கு அண்ணி செருப்புப் போட்டார்?"

அது உண்மைதான். மோட்டார்காரர் செருப்பே போடமாட்டார். கரண்ட்டோடு விளையாடுகிறவன் வெறுங்காலோடு திரியலாமா என்று பெண்டாட்டி, அக்கா, வருகிறவர் போகிறவர் எல்லாரும் திட்டித் தீர்த்துவிட்டார்கள். "தரை எப்படி இருக்குன்னு கால்தான் எனக்குச் சொல்லும்" என்பார். வாசல் மண்ணில் மோட்டார் ஆணி, கம்பித் துண்டு எது கிடந்தாலும் முதலில் கண்டுபிடிப்பது அவர் பாதம்தான். கத்திக்கொண்டே ஒற்றைக்காலில் குதிப்பார், அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஊசியோடு ஓடிவருவாள். இப்படித்தான் அந்தக் குடித்தனம் நடந்தது.

கல்லுக்கடைக்காரர் கூழாங்கல் குவியல் பக்கம் கூட்டிப்போனார். தையல்காரி ஏறினாள். கற்கள் வழுவழுவென்று அவள் பாரத்துக்கு விலகி, பாதத்தை உள்ளே வாங்கிக்கொண்டன. ஒரு இடத்திலும் குத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாலு எட்டு வைத்தாள்.

"இதுதான்," என்றாள்.

"எந்த இடத்துக்கு?"

"வாசலுக்கு. கேட்லேர்ந்து படி வரைக்கும்."

"மேல என்ன போகும்? காரு, பைக்கு ஏதாவது ஏறுமா? இல்ல, ஆள் நடக்கறதுக்கு மட்டும்தானா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். கிராக்கி எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். தையல்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் பொக்லைனைப் பார்த்தாள்.

"நடக்கறதுக்குத்தான்," என்றாள் தையல்காரி.

"அப்ப சரி. அகலம்?"

கழுத்தில் எப்போதும் தொங்குகிற டேப்பால் வாசலின் நீளத்தை அளந்துகொண்டு வந்திருந்தாள். அகலத்துக்கு எதையும் அளக்கவில்லை. "ரெண்டு பேர் சேர்ந்து நடந்து வர்ற அளவுக்கு" என்றாள்.

"கனமாப் போட வேண்டாம்மா. லேசாப் பரத்தினாப் போதும்."

"இல்லைங்க, சேறு மேல வரக்கூடாது. தாராளமாவே போடுங்க."

"உங்க இஷ்டம். நாளைக்குக் காலையில முதல் வண்டி உங்களுக்குத்தான்."

மறுநாள் காலையில் முதல் வண்டியும் வரவில்லை, கடைசி வண்டியும் வரவில்லை.

ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைக்க உட்கார்ந்தாள். தெருவில் லாரிச் சத்தம் கேட்டது, எழுந்து ஓடினாள். அது தண்ணி லாரி. திரும்ப வந்து உட்கார்ந்தாள். அடுத்த சத்தம் குப்பை வண்டி. இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டதைக் கவனித்து, எல்லாவற்றையும் பிரித்தாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கல்லுக்கடைக்குப் போன் பண்ணினால், "கிளம்பியாச்சும்மா" என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பண்ணினால் அப்போதும் கிளம்பியாச்சு. மூன்றாம் முறை, "எங்கேர்ந்துங்க கிளம்பியாச்சு? வெளிநாட்டுலேர்ந்தா?" என்று கத்திவிட்டாள். அந்தப் பக்கம் இருந்த பெண் சிரித்துவிட்டாள். அதில் இவளுக்கு இன்னும் எரிச்சல்.

ஆஸ்பத்திரியிலிருந்து மோட்டார்காரர் போன் பண்ணினார். அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. படுத்த படுக்கையாகவே வார்டில் இருந்த மின்விசிறி ஒவ்வொன்றுக்கும் என்ன கோளாறு என்று நர்சுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ற?"

"தைக்கறேன்."

"மிஷின் சத்தத்தையே காணோமே?"

"இப்பத்தான் நிறுத்தினேன்."

"என் கொட்டகையில மழை ஒழுகுதான்னு பார்த்தியா? அந்தப் பச்சை மோட்டாருக்குக் கம்பி சுத்தறது பாதியில நிக்குது. தார்ப்பாய் போட்டு மூடு."

"மூடியாச்சு. நீங்க முதல்ல வீட்டுக்கு வாங்க. மோட்டார் எங்கயும் ஓடிடாது."

"அதுதானே அதோட வியாதியே, ஓடமாட்டேங்குது," என்று சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்ததும் வந்தது அழுகை. அழுகையோடு எழுந்துபோய்த் தெருவை எட்டிப் பார்த்தாள், லாரி இல்லை.

கொட்டகை என்பது வீட்டுக்குப் பின்னால், காலி இடத்தின் கோடியில் தகரம் போட்ட அவருடைய பட்டறை. அதைத்தான் அவர் கொட்டகை என்பார். அந்தப் பக்கம் அவள் போய்ப் பல நாளாயிற்று. தார்ப்பாய் போட்டு மூடியாச்சு என்று சொன்னது பொய்.

டிப்பர் லாரி வந்தது அதற்கு மறுநாள், அவர் வருகிற அன்றைக்குக் காலையில். இரவு பெய்த மழையில் வாசல் குழைந்து கிடந்தது. டிரைவர் இறங்கி கேட்டைப் பார்த்தான், மேலே போகிற மின்கம்பியைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"உள்ள போகாதுக்கா. தொட்டியைத் தூக்கினா கம்பியில இடிக்கும்."

"அப்ப?"

"இங்கதான் தட்டணும்."

"தெருவிலயா? ஐயோ, வேண்டாம்பா, கொஞ்சம் உள்ள..."

அவள் பேசி முடிப்பதற்குள் தொட்டி எழும்பிவிட்டது. தடதடவென்று மொத்தக் கல்லும் தெருவில் இறங்கியது. பாதி உருண்டு எதிர்வீட்டு வாசல் வரைக்கும் போய் நின்றது. எதிர்வீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுஷன். பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தவர், நுரையைத் துப்பிவிட்டுச் சண்டைக்குத் தயாரானார்.

"என்னம்மா இது? தெருவா, இல்ல ஆத்தங்கரையா? என் காரை எப்படி வெளிய எடுக்கறது?"

"இப்ப எடுத்துடறேன் சார்."

"எதை எடுப்பே? இதைத் தனி ஆளா எடுத்து முடிக்கறதுக்குள்ள எனக்கு வயசு எண்பது ஆயிடும்!"

"சார், அவர் இன்னிக்கு வர்றார் சார்."

வாத்தியார் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். "இன்னிக்கா?"

"சாயங்காலம்."

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். போய்விட்டார் என்றுதான் அவளும் நினைத்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மண்வெட்டியோடு திரும்பி வந்தார். "பாண்டுச் சட்டி இருக்கா? கொண்டா. நான் அள்ளிப் போடறேன், நீ கொண்டுபோய்க் கொட்டு. கோபம் கோபமாத்தான் இருக்கு, அது வேற விஷயம்."

அந்த நேரம் பார்த்து நாத்தனாரும் வந்து சேர்ந்தாள். பத்து நாள் தங்கித் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பெட்டியோடு வந்திருந்தாள், சக்கரம் வைத்த பெட்டி. அதைக் கொண்டுபோய் வாத்தியார் வீட்டுப் படியில் நிறுத்திவிட்டு, வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

கல் சுமந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கூழாங்கல் எவ்வளவு அடங்காத சாதி என்று. பாண்டில் அள்ளினால் உருளும், இடுப்பில் வைத்தால் சரியும், கொட்டினால் போன இடத்தில் நிற்காது. தையல்காரிக்கு உள்ளங்கை சிவந்துபோனது. நாத்தனார் ஒவ்வொரு பாண்டுக்கும் ஒரு முறை, "இதுக்கு அந்த வெள்ளைக் கல்லையே வாங்கியிருக்கலாம்" என்றாள். வாத்தியார் அள்ளிக்கொண்டே எவ்வளவு அள்ளினால் எவ்வளவு குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. நடுவில் டீயும் பன்னும் நின்றபடியே முடிந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

வெயில் ஏறினபோது வேலை ஏறக்குறைய முடிந்தது. கேட்டிலிருந்து படி வரைக்கும் ஈரக் கல், பழுப்பும் சாம்பலும் கறுப்புமாக, கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். சறுக், சறுக் என்று சத்தம் வந்தது. காலில் ஒரு குத்தும் இல்லை. வெகு நாளைக்கப்புறம் மனசு ஒரு இடத்தில் நின்றது.

"அண்ணி, நடந்து பாருங்க. பஞ்சு மாதிரி இருக்கு."

"இரு, பெட்டியை எடுத்துட்டு வந்துடறேன்."

நாத்தனார் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். கேட்டுக்குள் நுழைந்தாள். ரெண்டு எட்டுதான். பெட்டி நின்றுவிட்டது. இழுத்தாள். சக்கரம் கல்லுக்குள் இறங்கியது. இன்னும் வேகமாக இழுத்தாள். முன்னால் இருந்த கல்லையெல்லாம் குவித்துக்கொண்டு, பெட்டி பாதி புதைந்து சாய்ந்தது. கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

ரெண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அண்ணி," என்றாள் தையல்காரி.

"ம்."

"அண்ணி, உங்களுக்குத் தெரியும்ல?"

"எது?"

"அவர் எதுல வர்றாருன்னு. கல்லுக்கடையில அந்த ஆள் கேட்டப்ப பக்கத்துலதானே நின்னீங்க? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

"நான் புத்தி கெட்டுப்போய் நிக்கறேன். நீங்க பெரியவங்கதானே? சொல்லியிருக்கலாம்ல? 'அடியே, அவன் நடந்து வரலடி'ன்னு ஒரு அறை விட்டிருக்கலாம்ல?"

"என்னை என்னடி கேட்கறே?" நாத்தனார் வெடித்தாள். "அவனை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். நடக்கக் கத்துக்குடுத்ததே நான்தான். என் வாயால எப்படிடி சொல்வேன்? நீ நடக்கறதுக்குன்னு சொன்னப்ப எனக்கும் நல்லா இருந்துச்சு. போதுமா? கேட்க நல்லா இருந்துச்சு, பேசாம இருந்துட்டேன்."

சொல்லிவிட்டுச் சாய்ந்த பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதாள். தையல்காரி அவள் பக்கத்தில், கல்லிலேயே உட்கார்ந்தாள். வாத்தியார் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு கேட் பக்கம் நின்றார், போவதா நிற்பதா என்று தெரியாமல்.

போன் அடித்தது. மோட்டார்காரர்.

"பெரிய டாக்டர் சீக்கிரமே கையெழுத்துப் போட்டுட்டார். வேன்ல ஏத்திட்டாங்க. கிளம்பியாச்சு."

கல்லுக்கடைக்காரர்கள் சொன்ன கிளம்பியாச்சு இல்லை இது. நிஜமாகவே கிளம்பியாச்சு. போனில் அவர் குரலுக்குப் பின்னால் வேன் சத்தம் கேட்டது.

தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்லை எல்லாம் வழித்து ஓரமாகத் தள்ளலாமா? தள்ளினால் கீழே சேறு. ஆளைத் தூக்கிக்கொண்டு வரலாமா? முதுகில் அடிபட்ட உடம்பைக் கண்டவர்கள் தூக்கக்கூடாது என்று நர்சு ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள்.

"பலகை," என்றார் வாத்தியார். "அகலமா, கனமா ஏதாவது பலகை இருக்கா?"

இருந்தது. அவள் துணி வெட்டுகிற மேஜையின் மேல்பலகை. அதன் மேலே பாதி வெட்டின துணியெல்லாம் கிடந்தது. வாரிக் கட்டிலில் எறிந்துவிட்டுப் பலகையைக் கழற்றினாள். வாத்தியார் வீட்டில் கழற்றி வைத்திருந்த பழைய கதவு ஒன்று வந்தது. ரெண்டையும் கல் மேல் போட்டார்கள். கேட்டிலிருந்து பாதி வழிதான் வந்தது.

"பரவாயில்ல," என்றார் வாத்தியார். "முன்னாடிப் பலகையில ஏறினதும் பின்னாடிப் பலகையை உருவி முன்னாடி போட்டுக்கலாம்."

வேன் வந்தது. டிரைவரும் வாத்தியாருமாக வீல்சேரை இறக்கினார்கள். மோட்டார்காரர் இளைத்துப்போயிருந்தார், தாடி வைத்திருந்தார். கால் ரெண்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு மிதிபலகையில் ஒட்டி நின்றது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் காலில் இவள் ஒரு துணியையும் பார்த்ததில்லை. நாத்தனார் தம்பியின் முகத்தைத் தடவிவிட்டுச் சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"என்னக்கா, கல்லுக்குவாரிக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார் அவர்.

யாரும் சிரிக்கவில்லை. கதவு மேல் ஏற்றினார்கள். அது ஆடியது. பலகைக்குத் தள்ளினார்கள். கதவைத் தூக்கி முன்னால் போட நாத்தனாரும் வாத்தியாரும் குனிந்தபோது, அவர் சக்கரத்தை ரெண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார்.

"இருங்க, இருங்க. கொஞ்சம் நில்லுங்க." பலகைக்கு ரெண்டு பக்கமும் பார்த்தார். "ஒரு கல்லு எடு."

தையல்காரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் வைத்து உருட்டினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல கல்லு. எப்படித் தேடிப் பிடிச்சே?"

"கால் வெச்சுப் பார்த்து."

"எதுக்குன்னு சொல்லி வாங்கினே?"

அவள் டேப்பின் முனையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"ஏய், உன்னைத்தான் கேட்கறேன்."

"நடக்கறதுக்குன்னு சொன்னேன்," என்றாள். "அந்த ஆள் எதுக்குன்னு கேட்டார். எனக்கு வேற எதுவும் வாயில வரலைங்க. நடக்கறதுக்குத்தான்னு சொல்லிட்டேன்."

அவர் கல்லைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தாடிக்குள் கண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு, "போனை எடு" என்றார்.

"இப்பவா? முதல்ல உள்ள போயிடலாங்க. நீங்க களைச்சுப்போயிருக்கீங்க."

"படுத்துக் களைச்சவன்டி நான். போனை எடு. அந்த ஆளைக் கூப்பிட்டுச் சரியாச் சொல்லு. நீதானே சொன்னே? நீயே சொல்லு."

அவள் எண்ணைப் போட்டாள். கல்லுக்கடைக்காரரே எடுத்தார். பொக்லைன் சத்தம் போனிலும் கேட்டது. கூழாங்கல் வாங்கின தையல்காரி என்றாள். வந்துச்சாம்மா, திருப்தியா என்றார். அவள் தொண்டையைச் செருமினாள்.

"நான் உங்ககிட்டத் தப்பாச் சொல்லிட்டேங்க. நடக்கறதுக்கு இல்ல. வீல்சேர் போகணும்." ஒரு தடவை வந்த பிறகு மீதியும் வந்தது. "என் வீட்டுக்காரர் வீல்சேர்லதான் இருக்கார். அவரால நடக்க முடியாது. இனிமேலும் நடக்க முடியாது. சக்கரம் புதையாம ஓடணும். அதுக்கு என்ன போடணுமோ அதைச் சொல்லுங்க."

கல்லுக்கடைக்காரர் மெதுவாகப் பேசினார். "அடடா, முதல்லயே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா? உருண்டைக் கல்லு சக்கரத்துக்கு எதிரி. உடைச்ச கல்லுதான் ஒண்ணையொண்ணு கடிச்சுப் பிடிக்கும். கீழ ஜல்லி, மேல கல்தூள், தண்ணி விட்டு இடிச்சுட்டா சிமெண்டுத் தரையாட்டம் நிக்கும். ஆனா அந்தக் கூழாங்கல்லைத் திருப்பி எடுக்க முடியாதும்மா."

போன் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. "அது கிடக்கட்டும்," என்றாள் நாத்தனார். "ஓரமா ஒதுக்கிப் போட்டுக்கலாம். பக்கத்துல நடந்து வர்ற நமக்கெல்லாம் கால் இல்லையா?"

"எங்கேர்ந்து எது வரைக்கும் போடணும்?" என்று கேட்டார் கல்லுக்கடைக்காரர்.

"கேட்லேர்ந்து வாசல்படி வரைக்கும்," என்றாள் தையல்காரி.

"யார் சொன்னா?" என்றார் மோட்டார்காரர்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"படி வரைக்கும் போட்டா நான் வீட்டுக்குள்ள வருவேன். வந்து அங்கேயே கிடப்பேன். கொட்டகை வரைக்கும் போடச் சொல்லு. பச்சை மோட்டார் பாதியில நிக்குது. நீ ஒண்ணும் தார்ப்பாய் போட்டிருக்க மாட்டே, எனக்குத் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகவே வந்தது. "கொட்டகை வரைக்குங்க," என்றாள் போனில். "பின்னாடி கடைசி வரைக்கும். இப்பவே வண்டியில அள்ளிப் போடுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

"அவசரப்படாதீங்க. அகலம் சொல்லுங்க. சரியான அகலம் தெரிஞ்சாத்தான் எவ்வளவு அள்ளணும்னு கணக்கு வரும்."

அவள் போனை நாத்தனார் கையில் கொடுத்தாள். கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். பலகையில் முட்டி போட்டு உட்கார்ந்து, டேப்பின் ஒரு நுனியை இடது சக்கரத்தின் வெளி விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தினாள். ஆஸ்பத்திரியில் இத்தனை நாள் துண்டு போட்டு மூடி வைத்திருந்த சக்கரம். கையில் குளிர்ந்து இருந்தது. மறுநுனியை அவர் முட்டிக்கு முன்னால் இழுத்து வலது சக்கரத்துக்குக் கொண்டுபோனாள்.

"கையைக் கொஞ்சம் உள்ள வெச்சுக்குங்க," என்றாள். சட்டைக்கு அளவெடுக்கும்போது அவரிடம் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

அவர் கல்லோடு கையை மடியில் வைத்துக்கொண்டார். அவள் டேப்பை இறுக்கிப் பிடித்து, குனிந்து, எண்ணைப் பார்த்தாள். தப்பு வந்துவிடக்கூடாது என்று இன்னொரு தடவை அளந்தாள். பிறகு போன் பக்கம் முகத்தைத் திருப்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சக்கரத்தின் அகலத்தை உரக்கச் சொன்னாள்.